டெல்பி: ஒரே ஆலை, இரண்டு விதமான ஓய்வூதியம்

அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) 1999-இல் தன் உதிரிபாகப் பிரிவை டெல்பி என்ற தனி நிறுவனமாகக் கழற்றிவிட்டது. 2005-இல் டெல்பி திவால் மனு போட்டது. 2009-இல் அதன் ஓய்வூதியத் திட்டங்கள் அமெரிக்க அரசின் ஓய்வூதியக் காப்பீட்டுக் கழகத்திடம் போயின. அதுவரை எல்லோருக்கும் ஒரே கதைதான்.

மணிக்கூலித் தொழிலாளர்கள்: டெல்பியின் ஓய்வூதியத்தில் துண்டு விழுந்தால் ஜிஎம் ஈடுகட்ட வேண்டும் என்று, பிரியும்போதே கார்த் தொழிலாளர்களின் யூஏடபிள்யூ சங்கம் எழுதி வாங்கியிருந்தது. 2009-இல் ஜிஎம்மே திவாலாகி அரசுப் பணத்தில் எழுந்தபோதும், புதிய நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றது.

மாதச் சம்பளக்காரர்கள்: பொறியாளர், மேற்பார்வையாளர் என்று சுமார் 20,000 பேர். சங்கம் இல்லை, கையில் ஒப்பந்தமும் இல்லை. கழகம் தரும் தொகைக்குச் சட்ட உச்சவரம்பு உண்டு. 65 வயதுக்கு முன்பே வாங்கத் தொடங்கினால் அந்த வரம்பு இன்னும் இறங்கும். ஆகவே முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பப்பட்டவர்களுக்குத்தான் பெரிய அடி. சிலருக்கு 70 சதவீதம் வரை போனது. நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடும் போயிற்று. வழக்கு போட்டார்கள், 2022-இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்துவிட்டது.

சங்கத்துக்கு அரசியல் சலுகை கிடைத்தது என்பது இவர்களின் புகார். எனக்கு அது பாதி சரியாகத்தான் படுகிறது. 1999-இல் போட்ட கையெழுத்து உண்மையானது. ஆனால் ஜிஎம்மை மீட்டது எல்லோருடைய வரிப்பணம். இந்தச் சம்பளக்காரர்கள் கட்டியதும் அதில் இருக்கிறது.