கத்தரிக்கு வேப்ப மருந்து: ஒரு பருவம் அடித்துப் பார்த்ததில்

பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு முப்பது சென்ட் கத்தரி. காய் வேலந்தாவளம் மார்க்கெட்டுக்குப் போகும். இந்தத் தடவை புள்ளி வண்டுக்கு 1500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 1500 பங்கு வேம்பின் சரக்கு) வேப்ப மருந்து ஒரு லிட்டர் வாங்கினேன்.

அடித்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் வண்டு அத்தனையும் உயிரோடு இலைமேல் உட்கார்ந்திருக்கிறது. காசு போச்சே என்று வயிறு எரிந்தது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "சேச்சி, வண்டைப் பார்க்காதீங்க, இலையைப் பாருங்க" என்றார்.

மூன்றாம் நாள் ஒரு இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். வண்டு சுரண்டித் தின்ற பழைய சுரண்டல் ஏணிப்படி மாதிரி பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் புதுச் சுரண்டல் ஒன்றுகூட இல்லை. இலைக்கு அடியில் முள் முள்ளாக இருக்கும் மஞ்சள் புழுக்கள் சுருங்கிப் போயிருந்தன. ஒன்றுக்குப் பாதி தோல் வாலிலேயே ஒட்டியிருந்தது.

வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் செய்கிற வேலை அது. வாய் வைத்த பூச்சி மேலே தின்னாது, தின்ற புழுவுக்குத் தோல் உரியாது. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சையெல்லாம் மொட்டையடித்தும் வேப்பமரத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனதாம். அதைக் கண்ணால் பார்த்த ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் அறிஞர்தான் பிறகு வேம்பு ஆராய்ச்சியில் முன்னால் நின்றவர்.

குறையும் உண்டு. காய்க்குள் புகுந்துவிட்ட துளைப்பான் புழுவை இது ஒன்றும் செய்யாது. அந்தக் காயைப் பறித்து அழிப்பதுதான் வழி. வெயிலில் வீரியம் சீக்கிரம் போய்விடும், மழை பெய்தால் கழுவிக்கொண்டு போகும். அதனால் சாயங்காலம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடங்கிய பிறகுதான் டேங்கைத் தூக்குவேன். லிட்டருக்கு 5 மில்லி, இலையின் அடிப்பக்கம் நனைய, வாரம் ஒரு தடவை.

வாங்கும்போது பிபிஎம் எண்ணைப் பாருங்கள். 300 பிபிஎம் பாட்டில் விலை குறைவுதான், ஆனால் சரக்கும் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். தயாரித்த தேதியும் முக்கியம். போன வருஷம் வேறொரு கடையில், வெயில் விழும் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி கலங்க வேண்டும். அது எண்ணெய்த் திட்டாக மேலேயே மிதந்தது. அப்படியே அடித்து நாற்பது செடியின் கொழுந்து கருகியது. அந்த வேதனை இன்னும் இருக்கிறது.

வீட்டில் வேப்பங்கொட்டை இருந்தால் பாட்டிலே தேவையில்லை. லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வடிகட்டிக் கொஞ்சம் காதி சோப்பு கரைத்தால் போதும். பலன் ஏறக்குறைய இதேதான். எனக்குக் கொட்டை பொறுக்க ஆனி, ஆடியில்தான் கிடைக்கிறது. மற்ற மாதத்துக்கு இந்தப் பாட்டில். நேற்றுகூட ஒன்று வாங்கினேன், உள்ளே அட்டைப்பெட்டியில் இருந்ததை எடுக்கச் சொல்லி.