மஞ்சள் மீட்டரும் அதின்ர கறுப்பு வயரும்: நாலு வருசப் பாவனைக்குப் பிறகு

அக்கான்ர மகன் ஏ.எல்ல இன்ஜினியரிங் டெக்னொலஜி படிக்கிறான். போன கிழமை கேட்டவன், "மாமா, நீங்க வச்சிருக்கிற அந்த மஞ்சள் மீட்டரையே நானும் வாங்கட்டோ" எண்டு. ஓம், யோசிக்காம வாங்கு எண்டு சொல்லிட்டன். ஆனா நேற்று இரவு நடந்ததுக்குப் பிறகு அந்தப் பதிலை அப்பிடியே விட எனக்கு மனமில்லை, அதால வடிவா எழுதுறன், இதே மீட்டரை வாங்க நினைக்கிற மற்ற ஆக்களும் வாசியுங்கோ.

எந்த மீட்டர் எண்டு சொல்லத் தேவையில்லை, டிடி-830 எண்ட நம்பரைப் போட்டு எத்தனையோ பேர் செய்து விக்கிற அந்தச் சின்ன மல்ட்டிமீட்டர்தான், வோல்ட், அம்பியர், ஓம் எல்லாம் அளந்து பார்க்கிற சாமான். என்னட்ட இருக்கிறது பீப் சத்தம் வாற வகை. 2021 கடைசியில புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில 750 ரூபா குடுத்து வாங்கினனான்.

முதல்ல நல்லதைச் சொல்லுறன், ஏனெண்டா இந்த மீட்டர் எனக்குச் செய்த உதவி கொஞ்சநஞ்சமில்லை. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமக் கிடந்தமே, அந்த நேரம் பழைய யூபிஎஸ் பற்றரி ஒண்டை வச்சு அம்மாட அறைக்கும் குசினிக்கும் வெள்ளை எல்ஈடி லைட் செய்தனான், வெள்ளை எல்ஈடி ஒண்டு 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல எடுக்கும், மூண்டை வரிசையாப் போட்டு 180 ஓம் ரெசிஸ்டர் ஒண்டு வச்சா 12 வோல்ட் பற்றரியில 20 மில்லி அம்பியருக்குள்ள நிக்கும் எண்டு கணக்குப் போட்டு, பிறகு மீட்டரை இடையில போட்டுப் பார்க்க 17, 18 எண்டு காட்டிச்சுது. கடதாசியில போட்ட கணக்கு கண்ணுக்கு முன்னால நம்பரா வந்து நிண்டது எனக்கு அதுதான் முதல் தரம், அந்தச் சந்தோசத்தை இண்டைக்கும் மறக்கேல்ல.

டையோட், அதாவது கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடுற சாமான், அதைப் பார்க்கிற இடமும் அருமை. 4007 டையோட் ஒண்டை ஒரு பக்கமாக் குத்தினா 600க்குக் கிட்ட ஒரு நம்பர், திருப்பிக் குத்தினா இடது ஓரத்தில தனி 1, கரண்ட் போற வழி இல்லை எண்டு அர்த்தம். சிவப்பு எல்ஈடியைக் குத்தினா மெல்லிசா எரிஞ்சே காட்டும். பழைய ரேடியோ போர்டில இருந்து கழட்டின சாமான்களில எது உயிரோட இருக்கு எது செத்துப் போச்சு எண்டு ஒரு பின்னேரத்துக்குள்ள பிரிச்சுப் போடலாம்.

இதுக்கு ஒரு குணம் இருக்கு, அதை விளங்காம வச்சிருந்தா ஆளைக் குழப்பிப்போடும். 555 எண்ட டைமர் ஐசி ஒண்டில விட்டு விட்டு எரியிற லைட் செய்தன், 10கே ரெசிஸ்டர் ஒண்டு, 1 மெக் (பத்து லட்சம் ஓம்) ரெசிஸ்டர் ஒண்டு, 1 மைக்ரோ கப்பாசிட்டர், 9 வோல்ட் பற்றரி. வடிவா மின்னிச்சுது. கப்பாசிட்டர் எப்பிடி ஏறி இறங்குது எண்டு பார்க்கிற ஆசையில கப்பாசிட்டரோட சேர்ந்திருக்கிற ஆறாம் காலில சிவப்பு முனையை வச்சன், உடன மின்னுறது நிண்டு எல்ஈடி ஒரேயடியா எரியுது. எடுத்தா மின்னுது, வச்சா நிக்குது. ஐசி பழுது எண்டு நினைச்சு மாத்தியும் பார்த்திட்டன், அதே கதை. காரணம் என்னெண்டா வோல்ட் பார்க்கேக்க இந்த மீட்டரே 1 மெக் ரெசிஸ்டர் மாதிரி சர்க்கிட்டுக்குள்ள வந்து குந்திக்கொள்ளுது. கப்பாசிட்டர் நிரம்புறதும் 1 மெக்குக்குள்ளாலதான், வடியிறதும் மீட்டர் வழியா 1 மெக்குக்குள்ளாலதான், அப்ப 9 வோல்ட்டில பாதிக்கு மேல ஏற ஏலாது, 4.4க்குக் கிட்ட நிண்டிடும். 555 மாறுறதுக்கு மூண்டில ரெண்டு பங்கு, அதாவது 6 வோல்ட் வரோணும். வராது. நல்ல மீட்டரில 10 மெக் இருக்கும், இந்தக் கரைச்சல் வராது. ஆனா உண்மையைச் சொன்னா 555 உள்ளுக்க என்ன செய்யுது எண்டு எனக்கு விளங்கினதே அண்டைக்குத்தான், அதுக்காக இந்த மீட்டரில எனக்குக் கோவமே இல்லை.

கோவம் வயரில.

நேற்று இரவு பழைய ட்ரான்ஸ்போமர் ஒண்டை வச்சு வோல்ட்டை 5இல நிலையா நிறுத்தி வைக்கிற 7805 ஐசியோட 5 வோல்ட் சப்ளை செய்து முடிச்சனான். கறுப்பை கிரவுண்டில வச்சு சிவப்பை அவுட்புட்டில வைக்க 5.02. சரி. கையைக் கொஞ்சம் அசைக்க 0.00. திரும்ப 5.02. பிறகு 2 சொச்சத்தில நிண்டு ஆடுது. ஈயம் வடிவாப் பிடிக்கேல்லயாக்கும் எண்டு 7805இன்ர மூண்டு காலையும் திரும்பச் சூடாக்கி ஈயம் விட்டன். அதே கதை. கப்பாசிட்டரை மாத்தினன், கடைசியா 7805ஐயே கழட்டி வேற ஒண்டு போட்டன், கழட்டேக்க போர்டில ஒரு செப்புப் பட்டையும் உரிஞ்சு வந்திட்டுது. மணி பதினொண்டரை. அப்பதான் கண்ணில பட்டுது, அவுட்புட்டில சும்மா அடையாளத்துக்குப் போட்ட சின்ன எல்ஈடி இவ்வளவு நேரமும் அசையாம எரிஞ்சுகொண்டிருக்கு. மீட்டர் 0.00 காட்டுது, எல்ஈடி எரியுது. அப்ப பொய் சொல்லுறது ஆர்?

200 ஓமில போட்டு ரெண்டு முனையையும் ஒண்டோட ஒண்டு அழுத்திப் பிடிச்சன், 0.8. கறுப்பு வயரை, பிடியில இருந்து வெளிக்கிடுற அந்தக் கழுத்தடியில மெல்ல வளைச்சன். இடது ஓரத்தில 1. நிமித்தினா 0.8. வளைச்சா 1. ரெண்டரை மணித்தியாலம், ஒரு நல்ல 7805, ஒரு செப்புப் பட்டை, எல்லாம் இந்த ஒரு வளைவுக்காக.

இது மூண்டாம் தரம். உறையை உரிச்சுப் பார்த்தா தலைமயிர் மாதிரி கொஞ்ச இழைதான் உள்ளுக்க இருக்கு, மேல இருக்கிற பிளாஸ்ரிக் விறைப்பு, அதால ஒவ்வொரு முறையும் அதே இடத்திலதான் மடங்குது, இழை ஒவ்வொண்டா அறுந்து போகுது. முழுசா அறுந்தாலும் பரவாயில்லை, உடன தெரியும். ரெண்டு இழை தொட்டும் தொடாமலும் இருக்கிற நாள்தான் ஆளைச் சாகடிக்கும். முனை எங்கயும் தொடாம இருந்தாலும் இந்த மீட்டர் 0.00தான் காட்டும், உண்மையா வோல்ட் இல்லாட்டியும் 0.00தான் காட்டும், ரெண்டையும் பிரிச்சறிய வழியே இல்லை. மீட்டரைச் செய்தவன் உள்ளுக்க இருக்கிற வேலையை ஒழுங்காச் செய்திருக்கிறான், கடைசி ஒரு அடி வயருக்குக் கொஞ்சக் காசு கூடப் போட்டிருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்.

மற்றது, 9 வோல்ட் பற்றரி இறங்கினா நம்பர் குறையாது, கூடும், 5 வோல்ட்டை 6 எண்டு காட்டும், தானா ஓஃப் ஆகிற வசதியும் இல்லை, அதால பாவிச்ச உடன ஓஃப் பண்ணோணும். வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு உப்புக்காத்தில திருப்புற குமிழும் பிடிக்கும், நாலஞ்சு தரம் அங்கயும் இங்கயும் சுத்தினா சரிவரும். 10 அம்பியர் ஓட்டைக்கு ஃபியூஸ் இல்லை. சுவர் பிளக்கில இதைக் கொண்டுபோய் வைக்கவே வைக்காதேங்கோ, 230 வோல்ட்டுக்கு இந்த வயரை நான் நம்பமாட்டன்.

இப்ப தம்பி, உனக்கு. என்ர சொல்லை மாத்துறன், இதை வாங்காத. எனக்கு நாலு வருசம் கைகுடுத்த சாமான், நான் இதை ஆருக்கும் குடுக்கமாட்டன், ஆனாலும் நீ வாங்காத. பழகினவனுக்கு எதைச் சந்தேகப்படோணும் எண்டு தெரியும், ரெண்டரை மணித்தியாலம் கழிச்செண்டாலும் தெரியும். நீ இப்பதான் தொடங்கிறாய், நீ செய்த சர்க்கிட் சரியா இருக்கேக்க மீட்டர் பிழை எண்டு சொன்னா நீ உன்னைத்தான் பிழை எண்டு நினைப்பாய், ரெண்டு தரம் அப்பிடி நடந்தா விட்டிடுவாய். மெல்லிசா வளையிற சிலிக்கோன் வயரோட, 10 மெக் எண்டு போட்டிருக்கிறதாப் பார்த்து வாங்கு, காசு காணாட்டி ரெண்டு மாசம் பொறு, மிச்சத்தை நான் போடுறன்.

அதுவரைக்கும் என்ர மீட்டரில வந்து பார். கறுப்பு வயரை அறுந்த இடத்துக்கு மேல வெட்டி, ஊசியை மண்தாளில சுரண்டித் திரும்ப ஈயம் பத்தவச்சு, கழுத்துக்குச் சூட்டில சுருங்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் ரெண்டு தட்டாப் போட்டிருக்கிறன். உன்ர 555 போர்டையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வா, முதல்ல பவர் வாற எட்டாம் காலிலயும் கிரவுண்டான முதலாம் காலிலயும், போர்டு ஓட்டையில இல்லை, ஐசியின்ர காலிலயே வச்சு வோல்ட் வருதோ எண்டு பார்ப்பம், பிறகு ரீசெட் காலான நாலாம் கால். வெட்டின வயர் துண்டு மேசையிலதான் கிடக்கு, எறியேல்ல, வரேக்க உரிச்சுக் காட்டுறன்.