வனாமி குட்டையா, பொக்காளி வயலா?

நாகை மாவட்டக் கடைமடையில் வனாமி என்ற வளர்ப்பு இறாலுக்கான குட்டை. கேரளத்தின் எர்ணாகுளம் காயலோரத்தில், உப்பைத் தாங்கும் நெல்லும் இறாலும் மாறி மாறி விளையும் பொக்காளி வயல். இரண்டிலும் உப்புநீர் உண்டு, இறாலும் உண்டு. ஆனால் ஒன்றில் உப்பு மண்ணிலேயே தங்குகிறது. மற்றதில் ஆண்டுதோறும் வெளியேறிவிடுகிறது. என் கணக்கில் இதுதான் பெரிய வித்தியாசம்.

வருமானத்தில் வனாமிதான் முன்னால் நிற்கிறது. நாலு மாதத்துக்குள் அறுவடை, கையில் மொத்தப் பணம். சம்பாவில் நஷ்டப்பட்டவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தீவனமும், நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரின் மின்செலவும் கூடவே வரும். நோய் விழுந்தால் குட்டையே போச்சு. அதைவிடக் கொடுமை, கசிகிற உப்புநீருக்கு வரப்பு தெரியாது. பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் சேர்ந்து கெடும்.

பொக்காளியில் மழைதான் வேலைக்காரன். ஏப்ரல் நடுவில் மதகைத் திறந்து உப்புநீரை வடிப்பார்கள். சேற்றைச் சிறு மேடுகளாகக் கூட்டி வைப்பார்கள். ஜூன் மழை அந்த மேட்டு உப்பைக் கழுவியதும் முளைவிட்ட விதையை அதிலேயே விதைப்பார்கள். நாற்று வளர்ந்ததும் மேட்டை வெட்டிப் பரப்பிவிடுவார்கள். ஆள் உயரத்துக்கு வளரும் நெல்லில் கதிரை மட்டும் அறுப்பார்கள். நீரில் அழுகும் தாள், நவம்பர் முதல் மதகு வழியே ஏறிவரும் இறாலுக்கு இரை. உரமும் வேண்டாம், பூச்சிமருந்தும் வேண்டாம்.

குறையும் உண்டு. விளைச்சல் கம்மி. இடுப்பளவு சேற்றில் இறங்கி அறுக்க ஆள் கிடைப்பதில்லை. அதனால் அங்கேயும் பலர் நெல்லை விட்டுவிட்டு ஆண்டு முழுக்க உப்புநீரைத் தேக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் விவசாய நிலத்தை இறால் பண்ணையாக்கத் தடை விதித்தது. பொக்காளி போன்ற மரபு முறைகளுக்கு விலக்கும் தந்தது. நீதிமன்றம் இரண்டையும் பிரித்துப் பார்த்தது சரிதான்.

பொக்காளியை அப்படியே நாகைக்குக் கொண்டுவர முடியாது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் கொட்டுகிறது, இங்கே நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான். ஆனால் உப்பைத் தாங்கும் குழியடிச்சான், களர்பாளை நெல் ரகங்கள் நம்மிடம் உண்டு. வடிகால் வாய்க்காலைத் தூர்வாரி வைத்தால் அந்த மழையே உப்பைக் கழுவும். சுனாமி புகுந்த வயல்களில் மறுபடி நெல் விளைந்ததற்கு மழை நீர் உப்பை அலசிப்போனது ஒரு முக்கியக் காரணம்.