ஜிடி பந்தயம்: நிறுவன அணியா, வாடிக்கையாளர் அணியா?

ஓசூர் சிப்காட் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் நானும் என் மைத்துனரும், நிறுவனமே தயார்செய்து தரும் காரைக் கட்டணம் கட்டி ஓட்டுவதா, பழைய பந்தயக் கார் ஒன்றைச் சொந்தமாக வாங்குவதா என்று சென்ற ஆண்டு யோசித்து, கடைசியில் வாங்கினோம். ஜிடி, அதாவது சாலை ஸ்போர்ட்ஸ் கார்களைத் தழுவிய பந்தயக் கார்களின் உலகம், பெரிய தொகையில் போட்டுப் பார்த்ததும் ஏறக்குறைய இதே கணக்குதான்: கார் நிறுவனம் தானே களமிறக்கினால் நிறுவன அணி, அதன் காரை விலைக்கு வாங்கி ஓட்டினால் வாடிக்கையாளர் அணி.

நிறுவன அணியின் வேகத்தையும் பொறியாளர் பலத்தையும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் பணம் விளம்பரக் கணக்கிலிருந்து வருவதால், ஒரே நிர்வாகக் கூட்டத்தின் முடிவில் அது நின்றுவிடலாம். பல மணி நேரப் பந்தயங்களைக் கொண்ட உலக எண்டூரன்ஸ் போட்டியில், நிறுவன அணிகள் மோதிய ஜிடிஇ ப்ரோ பிரிவிலிருந்து 2019இல் ஃபோர்டும் பிஎம்டபிள்யூவும், 2020 முடிவில் ஆஸ்டன் மார்ட்டினும் விலகின. 2022உடன் அந்தப் பிரிவே முடிந்தது. 2024இல் அங்கு வந்த, வாடிக்கையாளர் அணிகளுக்கான எல்எம்ஜிடி3 பிரிவில் 9 நிறுவனங்களின் 18 கார்கள் ஓடின. ஒவ்வொரு காரிலும் 'வெண்கல' தர, அதாவது தொழில்முறை அல்லாத, ஓட்டுநர் ஒருவர் கட்டாயம், பெரும்பாலும் செலவைத் தாங்குபவரும் அவரே.

இந்தப் பிரிவுக்கு அடிப்படையான, 2006இல் தொடங்கிய ஜிடி3 முறையில் நிறுவனம் காரை அணிகளுக்கு விற்கிறது, பிறகு உதிரிபாகத்திலும் சம்பாதிக்கிறது. எடையையும் திறனையும் சரிக்கட்டும் விதி இருப்பதால், பழைய காரும் களத்தில் நிற்கிறது, கைமாறும்போது விலையும் பெறுகிறது.

இருந்தாலும் முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்புதான். 2022இல் அறிமுகமானபோது போர்ஷே 911 ஜிடி3 ஆர் காரின் விலை வரி நீங்கலாக 5,11,000 யூரோ என்றால் அந்த விலைதான் கண்ணில் படும். ஆனால் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆயுள், எங்கள் பட்டறைக் கம்ப்ரஸரைப் போலவே, ஓடிய மணிக்கணக்கில்தான். வார இறுதியில் 60 நிமிடப் பந்தயங்கள் இரண்டு ஓடும் கார், 12 வார இறுதிகளில் கரைக்கும் ஆயுளை ஒரே 24 மணி நேரப் பந்தயத்தில் கரைத்துவிடும். ஆகவே பழைய கார் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, மீதமுள்ள மணிகளை.

நாங்கள் எஞ்சினுக்கு மட்டும் கேட்டோம். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் இரண்டாவது பயிற்சி ஓட்டத்திலேயே மூன்றாம் கியர் போனது. ஆயிலை வடித்தபோது, காந்தத் தக்கையில் இரும்புச் சீவல்கள் முள்ளம்பன்றியாய்ச் சிலிர்த்து நின்றன. புஷ் என்றால் நாங்களே கடைந்திருப்போம், பல்சக்கரத்துக்கு வெளியில்தான் போக வேண்டியிருந்தது. செலவு காரின் விலையில் ஏறக்குறையப் பாதி.

அப்படியும் சொந்தக் கார் பக்கமே சாய்கிறேன், கட்டணம் திரும்பாது, கார் விலைபோகும் என்பதால். எங்கள் காரை இன்னும் விற்றுப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது, ஓடிய மணிகளைக் குறிக்கும் கம்ப்ரஸர் அட்டைக்குப் பக்கத்தில் இன்னோர் அட்டை தொங்குகிறது: கியர்பாக்ஸ், 11 மணி 20 நிமிடம்.