படத்துக்குள் வீட்டு முகவரி: எக்ஸிஃப்டூலுடன் ஐந்து வருடம்

பழைய சைக்கிளை விற்கப் போட்டிருந்தேன். வாங்க வந்தவர், "படம் மங்கலா இருக்கு சார், டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்றார். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில், "பிள்ளையார் கோயிலுக்குப் பின்தெருவா? நான் பக்கத்துலதான்" என்று பதில். முகவரியை நான் சொல்லவே இல்லை. மனிதர் நல்லவர், சைக்கிளை வாங்கிக்கொண்டும் போனார். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாகப் போனால் சுருக்கும்போதே எக்ஸிஃப் தகவல் (எடுத்த நேரம், இடம் என்று கேமரா படத்துக்குள் எழுதிவைக்கும் குறிப்புகள்) கழன்றுவிடும். டாக்குமென்ட் என்றால் கோப்பு அப்படியே போகும், ஜிபிஎஸ் உட்பட.

என்னதான் ஒளிந்திருக்கிறது என்று பார்க்கத் தேடினால், முதலில் வந்தவை எல்லாம் "படத்தை ஏற்றுங்கள்" என்ற தளங்கள். ரகசியம் கசிகிறதா என்று பார்க்க அந்த ரகசியத்தையே முன்பின் தெரியாதவர் சர்வரில் கொடுப்பதா? சில தளங்கள் பிரவுசருக்குள்ளேயே படிக்கும் என்பதும் உண்மைதான். பக்கம் திறந்ததும் நெட்டை அணைத்துவிட்டுப் படத்தைக் கொடுத்தால் எது எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

நான் எக்ஸிஃப்டூலில் நின்றுவிட்டேன். இந்தக் குறிப்புகளைப் படிக்கவும் துடைக்கவும் உதவும் மென்பொருள். ஃபில் ஹார்வி 2003-இல் வெளியிட்டது, இலவசம், நம் கணினியிலேயே ஓடும். கறுப்பு விண்டோவில் கமாண்ட் அடிக்க வேண்டும் என்பதால் முதல் வாரம் எரிச்சல்தான். ஆனால் அது காட்டுவதைப் பார்த்தால் வாய் பிளக்கும்: எடுத்த நொடி, மொபைல் மாடல், கேமராவாக இருந்தால் பல நேரம் அதன் சீரியல் எண்கூட. அட்சரேகையில் விநாடிக்குப் பின் இரண்டு தசம இலக்கம் வரும். ஒரு விநாடி சுமார் 30 மீட்டர். மொபைல் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறினாலும் தெருவைக் கண்டுபிடிக்க அது போதும். 2012 டிசம்பரில் தலைமறைவாக இருந்த, மெக்கஃபி ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்கஃபி குவாத்தமாலாவில் இருப்பது வெளியானதே, ஒரு பத்திரிகை போட்ட படத்தில் ஜிபிஎஸ் தகவல் அப்படியே இருந்ததால்தான்.

குறைகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் துடைக்கச் சொன்னால் நிஜமாகவே எல்லாம் போய்விடும். திசைக் குறிப்பும் போவதால் நிமிர்ந்து நின்ற படம் படுத்துக்கொள்ளும். நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் கலர் புரொஃபைல் போவதால் ஐபோன் படங்கள் வெளிறித் தெரியும். இந்த இரண்டையும் மட்டும் விட்டுவைக்கச் சொல்லும் வழி இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. இன்னொன்று: பாதுகாப்புக்காக மூலப்படத்தின் நகலைப் பக்கத்திலேயே வைத்துவிடும். ஒருமுறை ஃபோல்டரையே ஜிப் செய்து அனுப்பினேன். துடைத்ததும் போனது, துடைக்காததும் போனது! இப்போது அனுப்புவதற்கென்று தனி ஃபோல்டர். மூலப்படங்களில் கை வைப்பதில்லை.

மொபைலில் இவ்வளவு பாடு தேவையில்லை. ஐபோனில் பகிரும்போதே லொகேஷனை விலக்கும் ஆப்ஷன் இருக்கிறது. ஆண்ட்ராய்டில், பகிரும் முன் இந்தக் குறிப்புகளைத் துடைக்கும் ஸ்கிராம்பிள்ட் எக்ஸிஃப் என்ற ஆப் வைத்திருக்கிறேன்.

அம்மாவின் மொபைலில் மட்டும் கேமராவின் லொகேஷனையே அணைத்துவிட்டேன். போன மாதம் ஒரு கோபுரப் படத்தைக் காட்டி, "இது எந்த ஊருடா?" என்று கேட்டார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பார்த்தோம், தெரியவில்லை.