மூன்று கோடை ஏசிக்குக் கேஸ் ஏற்றிய பிறகு கிடைத்த மெக்கானிக் (புதுப்பாளையம், கடலூர்)

ஐந்துக்கு நாலரை ஸ்டார். அந்த அரை ஏன் போச்சு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு தேவனாம்பட்டினம் போகிற பக்கம். உப்புக்காற்றில் கேட் தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின் எதுவும் தப்பாது, ஏசியின் அவுட்டோர் யூனிட் மட்டும் தப்பிக்குமா என்ன. ஒன்றரை டன் ஏசி, 2022-லிருந்து ஒவ்வொரு ஏப்ரலிலும் கூலிங் குறையும், வழக்கமாக வருபவர் வருவார், கேஜை (கேஸ் அழுத்தம் காட்டும் மீட்டர்) மாட்டிப் பார்த்து "கேஸ் இறங்கிடுச்சு சார்" என்பார், 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போவார். மூன்று கோடைக்கு 8,400. நானும் பைக்குக்குப் பெட்ரோல் போடுவதுபோல இதுவும் ஒரு செலவு என்று நினைத்துக்கொண்டு கொடுத்தேன். நான் படித்தது பி.காம்., கேஜில் முள் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

போன வருஷம் அவர் ஊரில் இல்லாததால் பக்கத்து வீட்டு அக்கா சொல்லி இந்தக் கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு ஷட்டர், பலகையில் எழுத்து வெளுத்துப்போய் பெயரே தெரியாது. அந்த அண்ணன் வந்து முதலில் கேட்ட கேள்வியே "எத்தனை தடவை கேஸ் போட்டீங்க?" என்பதுதான். மூன்று என்றதும் சிரித்தார். "கேஸ் எரிஞ்சி தீந்துபோற சாமான் இல்ல சார். மூடின பைப்புக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். கொறஞ்சா எங்கியோ ஓட்டைன்னு அர்த்தம்."

சோப்புத் தண்ணீரை நுரைக்கக் கலக்கி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் இணைப்பு இணைப்பாகத் தடவினார். அவுட்டோர் யூனிட்டில் பைப் சேருகிற பித்தளை நட்டுக்குப் பக்கத்தில் கடுகளவு குமிழி ஒன்று வந்தது, உடைந்தது, திரும்ப வந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று வருஷப் பணம் போன வழி அதுதான்.

இந்த இடத்தில்தான் இந்தத் தொழிலில் நேர்மை எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு உறைத்தது. நோய் என்ன என்று சொல்பவரும் அவரே, மருந்து விற்பவரும் அவரே, இரண்டையும் சரிபார்க்க எனக்கு வழியே கிடையாது. அந்த யூனிட்டில் கேஸ் ஓடுகிற சுருள் பைப்பைச் (காயில்) சுற்றியிருக்கும் மெல்லிய தகடுகளில் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. "காயில் அரிச்சிடுச்சு, மொத்தமா மாத்தணும்" என்று சொல்லியிருந்தால் பல ஆயிரத்துக்கு நான் தலையாட்டியிருப்பேன், அது முழுப் பொய்கூட இல்லை, கண்ணுக்குத் தெரிகிற அரிப்புதான். அவரோ விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உப்பு சார், காயில் லீக் இல்ல, ரெண்டு வருஷம் தாராளமா ஓடும். மாசம் ஒருக்கா நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க" என்றார்.

வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். மிச்சமிருந்த கேஸை (என் ஏசியில் இருப்பது ஆர்32 என்ற வகை) காற்றில் திறந்துவிடாமல் காலி சிலிண்டருக்கு இழுத்துக்கொண்டார். திறந்துவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை, ஆனால் அது கார்பன் டை ஆக்சைடைவிட 675 மடங்கு பூமியைச் சூடாக்கும், தீப்பிடிக்கவும் கூடும். பைப் முனையை வெட்டி, புதிதாக விரித்து, நட்டை முறுக்கினார். அப்புறம் இன்னும் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க நைட்ரஜன் ஏற்றி 300 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிறுத்தினார். டீ குடித்து வந்து பார்த்தால் முள் அசையவில்லை. சிலர் வெல்டிங் செட்டில் இருக்கிற ஆக்சிஜனையே ஏற்றிப் பார்ப்பார்களாம், கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும் என்று திட்டினார், யாரை என்று சொல்லவில்லை. பைப்புக்குள் இருப்பதை உறிஞ்சி வெளியேற்ற வேக்கம் பம்ப் அரை மணி நேரம் ஓடியது. கடைசியில் யூனிட்டின் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அதைப் படித்து, சிலிண்டரை எடை மெஷினில் வைத்து அவ்வளவு மட்டும் ஏற்றினார். முன்பு வந்தவர் எடை மெஷின் கொண்டு வந்து நான் பார்த்ததே இல்லை.

மொத்தம் 3,600. பில் எழுதும்போதுதான் என் கதை ஆரம்பம். ஏசி ரிப்பேரில் பாதியை வீட்டு ஓனர் தருவதாகப் பேச்சு. ஏற்கெனவே 8,400 போன வயிற்றெரிச்சல், "அண்ணா, 4,600-ன்னு போட்டுக் குடுங்களேன்" என்று கேட்டுவிட்டேன். கூடுதல் ஆயிரத்தில் ஓனர் தரும் பாதி, வெறும் 500 ரூபாய்க்கு. அவர் பேனாவைக்கூட எடுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "வாங்கினதத்தான் சார் எழுதுவேன்" என்று 3,600 எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். தண்ணீர் கொண்டு வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சரி என்றிருந்தால் அந்த 3,600-ஐயே நான் சந்தேகப்பட்டிருப்பேன் என்பது ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது.

பில் என்றதும் ஒன்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி செய்த வேலைக்கு பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். முன்பு வந்தவரிடம் நான் ஒரு தடவையும் கேட்டதில்லை, அது என் தப்பு. ஆனால் அவர் பில் கொடுத்திருந்தாலும் "கேஸ் 2,800" என்றுதான் இருந்திருக்கும், அந்தக் கேஸ் தேவைதானா என்று எந்தத் தாளும் சொல்லாது.

போன மாதம் திரும்பக் கூப்பிட்டேன், ஃபேன் சுற்றவில்லை. ஃபேன் மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர் போயிருந்தது. பழையதை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் புதியதை மாட்டினார். கேஜையும் மாட்டிப் பார்த்தார், கேஸ் அப்படியே இருக்கிறது. தெரு முனையில் இன்னொருவர் வீட்டில் ஏசியின் பிசிபி போர்டு (எலக்ட்ரானிக் சர்க்யூட்) வேலை வந்தபோது "எனக்கு அது வராது சார், போர்டு பாக்கிற ஆளக் கூப்பிடுங்க" என்று ஒரு ரூபாய் வாங்காமல் போனாராம்.

இப்போது அந்த அரை ஸ்டார். பத்து மணிக்கு வருகிறேன் என்றால் ஒன்றரைக்கு வருவார், போன் எடுக்க மாட்டார், அன்றைக்கு நான் அரை நாள் லீவு போட்டது வீண். சொன்ன நேரத்துக்கு வருவதும் தொழில் நேர்மையில் சேர்த்திதானே அண்ணா! ஏப்ரல், மே மாதங்களில் ஆள் கிடைக்கவே மாட்டார், மார்ச்சிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். போனை நம்பாமல் காலை ஒன்பதரைக்குள் நேரில் போனால் ஷட்டர் பாதி திறந்திருக்கும், உள்ளே இருப்பார்.