விரவலும் செயல்மிகு கடத்தலும்

நுரையீரலின் காற்றறையிலிருந்து ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போக, செல்லுக்கு எந்த ஆற்றல் செலவும் இல்லை. அடர்த்தி கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தானாகவே சவ்வைக் கடந்துவிடும். இதுதான் விரவல். இலவசம்தான், ஆனால் இரு பக்கத்தையும் சமப்படுத்துவதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது.

செயல்மிகு கடத்தல் நேர் எதிர்: ஆற்றலைச் செலவழித்து, அடர்த்தி குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தள்ளுவது. செல் சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பு என்ற புரதம், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கூ 1957-இல் இதைப் பற்றி எழுதினார். நோபல் பரிசு வந்தது 1997-இல்தான்!

பம்பு இப்படிச் சோடியத்தை வெளியேற்றி வைப்பதால், அந்தச் சோடியம் குடல் செல்லுக்குள் திரும்ப நுழையும்போது குளுக்கோஸையும் கூட்டிக்கொண்டு வருகிறது. பின்னாலேயே தண்ணீரும் வரும். வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓஆர்எஸ் கரைசலில் உப்போடு சர்க்கரையும் இருப்பது ருசிக்காக அல்ல, இதற்காகத்தான்.